கம்ப்யூட்டர் கதவுக்கு எந்தப் பூட்டு?



வாசக்கதவுக்குப் பூட்டு இருக்கு. பீரோவுக்குப் பூட்டு இருக்கு. சைக்கிளுக்குக் கூட செயின் போட்டுப் பூட்டிட்டுத்தான் கிளாஸுக்கு வர்றோம். வீட்டுல இருக்கிற கம்ப்யூட்டருக்கு? "இருக்கே... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!" என்று யாரோ பின்னாடி பெஞ்சில் சொல்வது காதில் விழுகிறது. அதற்குப் பேர் பூட்டு இல்லை நண்பரே, தாழ்ப்பாள். அதுவும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் "நீ யாரு?" என்று கேட்கிறதே, அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இங்கிலீஷில் சைன்-இன் என்பார்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர், கைரேகை, முகம் என்று இன்றைக்குப் பல வழி இருக்கு. எதைத் தேர்ந்தெடுக்கிறது, எப்போ மாத்துறது, எப்படி மாத்துறது என்பதைப் பார்ப்போம்.

"எங்க கம்ப்யூட்டர்ல என்ன தங்கமா இருக்கு? நாலு பாட்டு, ரெண்டு கேம்" என்று நினைக்காதீர்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிளஸ் டூ முடித்த அக்கா வீட்டு கம்ப்யூட்டரில் சென்டாக் விண்ணப்பம் போடுகிறார். குரோம் "இந்தப் பாஸ்வேர்டை சேமிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்கும். சரி என்று அழுத்திவிடுகிறார். இமெயிலுக்கும் அப்படியே. அப்பா பேங்க் வேலையை முடிக்கிறார், அதற்கும் அப்படியே. பிறகு அந்தப் பாஸ்வேர்டுகளை எல்லாம் பார்க்கணும் என்றால் குரோம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டரின் பின் நம்பர் அல்லது பாஸ்வேர்டு. அதாவது "1234" தெரிந்தவனுக்கு அக்காவின் விண்ணப்பமும் தெரியும், இமெயிலும் தெரியும், அப்பாவின் பேங்க்கும் தெரியும். சாவிக்கொத்தையே மாட்டி வைத்திருக்கிற ஆணி அது. இப்ப சொல்லுங்க, தங்கம் இருக்கா இல்லையா?

முதல் பாஸ்வேர்டு எங்கே வந்தது?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகம். 1961-ஆம் வருஷம். அங்கே ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிற முறையை உருவாக்கினார்கள். நம்ம லேப் மாதிரிதான், மெஷின் கொஞ்சம், ஆள் நிறைய. ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் நோண்டாமல் இருக்கணுமே! அதற்காக ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தார்கள்.

சரி, அது எத்தனை நாள் பத்திரமாக இருந்தது? அடுத்த வருஷமே, 1962-இல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு வேலை செய்தார். அவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கம்ப்யூட்டர். பத்தவில்லை. பாஸ்வேர்டு எல்லாம் இருக்கிற ஃபைலை பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஒரு துளை அட்டையை வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் போய்த் தாளை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்! ஊரார் பாஸ்வேர்டு எல்லாம் கையில்.

இதைவிட வேடிக்கை 1966-இல் நடந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் ஒரு "இன்றைய அறிவிப்பு" வரும், நம்ம பிரேயரில் வாசிக்கிற மாதிரி. ஒருவர் அறிவிப்பு ஃபைலையும் இன்னொருவர் பாஸ்வேர்டு ஃபைலையும் ஒரே சமயத்தில் திருத்தப் போக, இரண்டும் இடம் மாறிவிட்டன. அன்றைக்கு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்தது! பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் அது வெளியே வந்தே தீரும் என்பது அப்போது புரிந்தது.

மாவு அரைக்கிற கணக்கு

அதற்கு என்ன செய்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள அம்மாவின் கிரைண்டர் பக்கம் போகணும். அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்தால் மாவு. அந்த மாவை வைத்து மறுபடி அரிசி பண்ண முடியுமா? முடியாது. ஆனால் அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு போட்டால் அதே மாவு வரும்.

கம்ப்யூட்டரும் இதைத்தான் பண்ணுது. நீங்க வைக்கிற பாஸ்வேர்டை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, மாவை மட்டும் எடுத்து வைக்கும். அடுத்த தடவை நீங்க பாஸ்வேர்டை அடிக்கும்போது அதையும் அரைக்கும். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். திருடன் உள்ளே வந்தாலும் மாவுதான் கிடைக்கும், அரிசி கிடைக்காது. 1979-இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரை இதில் ரொம்பப் புகழ் பெற்றது. இதிலே இன்னொரு ருசியும் உண்டு. நீங்களும் நானும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் மாவும் ஒன்றாக இருந்து காட்டிக் கொடுத்துவிடும் இல்லையா? அதற்காக ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் வேறு வேறு எழுத்தைக் கொஞ்சம் சேர்த்து அரைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? உப்பு! நிஜமாகவே "சால்ட்" என்றுதான் பெயர்.

ஆனாலும் திருடனுக்கு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு சொல்லாக அரைத்து அரைத்து, இந்த மாவோடு ஒத்துப்போகுதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அதனால்தான் சுலபமான சொல் கூடாது என்கிறார்கள். மேலே சொன்ன கென் தாம்ப்சன் சாதாரண ஆள் இல்லை, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய பழைய பாஸ்வேர்டின் மாவு ஒரு பழைய ஃபைலில் கிடைத்தது. பலர் முயற்சி செய்து கடைசியில் 2019-இல் ஒருவர் அதை உடைத்தார். இந்தக் கால மெஷினை வைத்தே 4 நாளுக்கு மேல் ஆனதாம். உள்ளே இருந்தது ஒரு செஸ் நகர்வு: ராணிக்கு முன்னாடி நிற்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் நகர்த்துவது! மொத்தம் 8 எழுத்துதான், ஏனென்றால் அந்தக் காலத்து யூனிக்ஸ் 8-க்கு மேல் எத்தனை அடித்தாலும் கண்டுகொள்ளாது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். நாலு இலக்க நம்பர் மொத்தம் 10,000 தான். ஆறு இலக்கம் 10 லட்சம். சின்ன எழுத்து எட்டு வைத்தால் சுமார் 20,882 கோடி. எட்டைப் பன்னிரண்டு ஆக்கினால் அதைப்போல் 4,56,976 மடங்கு! ஆச்சரியக்குறியும் ஆட்டுக்குறியும் போட்டுக் குழப்பிக்கொள்வதைவிட நாலு எழுத்து கூட வைப்பது மேல் என்பது இதிலிருந்தே தெரியுதுல்ல?

அப்புறம் பின் நம்பர் மட்டும் எப்படி?

நல்ல கேள்வி! 10,000 தான் என்றால் அதை ஏன் விண்டோஸ் வைக்கச் சொல்லுது?

வித்தியாசம் இங்கேதான். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பாஸ்வேர்டு என்பது உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் அடித்துப் பார்க்கக்கூடியது. பின் நம்பர் அந்த ஒரு மெஷினோடு சரி. பாரிஸிலிருந்து ஒருத்தன் உங்க பின் நம்பரைத் தெரிந்து வைத்திருந்தாலும், நெரவியில் இருக்கிற உங்க லேப்டாப் அவன் கையில் இல்லாதவரை அது செல்லாக்காசு. அதோடு மெஷினுக்குள் டி.பி.எம். என்று ஒரு சிப் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும். சில தடவை தப்பாக அடித்தால் முதலில் ஒரு சின்ன எழுத்துக்கோவையை அடிக்கச் சொல்லும், அப்புறம் மெஷினையே ரீஸ்டார்ட் பண்ணு என்று சொல்லிவிடும். பத்தாயிரத்தையும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க விடாது.

ஆனா ஒண்ணு. இந்தப் பாதுகாப்பு தூரத்துத் திருடனுக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிற தம்பிக்கு இல்லை! அதனால் நாலு இலக்கத்தோடு நிறுத்தாமல் ஆறு வையுங்கள். பிறந்த வருஷம், வண்டி நம்பர், அப்பாவின் ஏ.டி.எம். நம்பர் மூன்றும் வேண்டாம். எழுத்தும் சேர்த்துப் பின் வைக்க ஒரு டிக் பெட்டி இருக்கு, அதையும் பயன்படுத்தலாம்.

கைரேகை, முகம் பற்றியும் சொல்லணும். இரண்டும் 2015-இல் விண்டோஸ் 10-உடன் "ஹலோ" என்ற பெயரில் வந்தன. முகத்தைப் பார்க்க அகச்சிவப்பு கேமரா வேண்டும், அதனால் உங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாது. விலை குறைந்த லேப்டாப்பில் பெரும்பாலும் அந்த கேமரா இருக்காது. கைரேகை சுலபம்தான். ஆனால் ஈரக்கையோடு வைத்தால் எடுக்காது. நாற்று நட்டு, வலை இழுத்துத் தேய்ந்த விரல்களுக்கு ஆதார் மெஷினே முரண்டு பிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தாத்தாவுக்கு கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தால் கைரேகையை மட்டும் நம்ப வேண்டாம். பாஸ்வேர்டு வெளியே தெரிந்தால் மாத்தலாம், விரலை மாத்த முடியுமா? அதனால்தான் விண்டோஸ் கைரேகை வைக்கும் முன் பின் நம்பர் ஒன்று வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துது. (2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது படத்தின் மேல் கோடும் வட்டமும் போட்டுத் திறக்கிற முறையும் வந்தது. அழகாத்தான் இருக்கும். ஆனால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கும் அழகாகத் தெரியும்!)

பிரான்ஸிலிருந்து வந்த லேப்டாப்

இது நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை. மற்ற ஊர் சுவர்ப் பத்திரிகையில் இதைப் பார்க்க முடியாது!

1954 நவம்பர் 1 வரைக்கும் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது நமக்குத் தெரியும். அந்தத் தொடர்பில் இன்றைக்கும் சில வீடுகளில் மாமாவோ சித்தப்பாவோ பிரான்ஸில் இருக்கிறார்கள். லீவுக்கு வரும்போது பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் கீபோர்டு நம்ம கீபோர்டு இல்லை! நம்ம லேபில் மேல் வரிசை "க்யூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய்" என்று ஆரம்பிக்கும். பிரெஞ்சில் "ஏ, இஸட், இ, ஆர், டி, ஒய்". ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும். டபிள்யூ-வும் இஸட்-டும் இடம் மாறியிருக்கும். எம் மேலே ஏறி எல்-லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நம்பர் வேண்டும் என்றால் ஷிப்ட் அழுத்தணும்.

இங்கே கடையில் கொடுத்து விண்டோஸை மாத்தினால், அவர்கள் வழக்கம்போல் அமெரிக்க இங்கிலீஷ் கீபோர்டு என்று செட் பண்ணிவிடுவார்கள். அப்புறம் கட்டைமேல் அச்சடித்திருப்பது ஒன்று, உள்ளே போவது ஒன்று. மற்ற இடத்தில் என்றால் திரையில் தெரியும், திருத்திக்கொள்ளலாம். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளி புள்ளியாகத்தானே வரும்? "அம்மா" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறோம் என்று வையுங்கள். ஏ-க்குப் பதில் க்யூ போகும், எம்-முக்குப் பதில் அரைப்புள்ளி போகும். அம்மாவே காணாமல் போய்விடுவார்! பாஸ்வேர்டு சரி, அடித்ததும் சரி, ஆனாலும் "தவறு" என்றே வரும்.

இதற்கு மூன்று இடத்தைப் பாருங்கள். பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் உண்மையில் என்ன விழுந்தது என்று தெரியும் (பின்னாடி யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு!). சைன்-இன் திரையில் வலது கீழ் மூலையில் மொழியின் பெயர் சுருக்கமாக இருக்கும், அங்கே பிரெஞ்சா இங்கிலீஷா என்று மாத்தலாம். விண்டோஸ் கட்டையும் ஸ்பேஸ் கட்டையும் சேர்த்து அழுத்தினாலும் மாறும். தமிழ் டைப்பிங் படிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ் கீபோர்டும் போட்டு வைத்திருந்தால், பாஸ்வேர்டு வைக்கும்போது எந்த மொழி ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக்கையும், பக்கவாட்டு நம்பர் கட்டைகளுக்கு நம் லாக்கையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்துவது எப்போ?

"மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெரிய காரணம், 2003-இல் அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. என்ற அரசு நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய விதிமுறை. பெரிய எழுத்து வேணும், குறி வேணும், அடிக்கடி மாத்தணும் என்றெல்லாம் இருந்தது. ஜனங்க என்ன பண்ணினாங்க? கடைசியில் இருக்கிற 1-ஐ 2 ஆக்கினார்கள், 2-ஐ 3 ஆக்கினார்கள்! 2017-இல் அந்த நிறுவனமே விதியை மாத்தி, காரணமில்லாமல் அடிக்கடி மாத்தச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள் என்றது. பில் பர்ரும் தான் எழுதியதில் நிறையவற்றுக்கு இப்போது வருந்துவதாக அதே வருஷம் பேட்டி கொடுத்தார்.

அதனால் தேதி பார்த்து மாத்த வேண்டாம், காரணம் வந்தால் அன்றைக்கே மாத்துங்கள். யாரிடமாவது சொல்லிவிட்டீர்கள், யாரோ பார்த்துவிட்டார்கள், அதே பாஸ்வேர்டை வேறு இடத்திலும் வைத்து அந்த இடம் திருடுபோனது, லேப்டாப் ரிப்பேருக்குப் போய் வந்தது. எல்லாமே காரணம்தான்.

ரிப்பேர் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், முக்கியமாக அக்கா தங்கைகளுக்காக. கடையில் "பாஸ்வேர்டு சொல்லும்மா" என்று கேட்பார்கள். வேலை பார்க்க அவர்களுக்கும் தேவைதான், தப்பில்லை. ஆனால் உங்க அக்கவுன்ட்டைக் கொடுக்காதீர்கள். கொண்டு போவதற்கு முன்னாடி வேறு ஒரு அக்கவுன்ட் உருவாக்கி அதைச் சொல்லுங்கள். அட்மின் உரிமை இருந்தால் உங்க ஃபோல்டரையும் திறக்க முடியும் என்பதால், போட்டோக்களை பென் டிரைவுக்கு மாத்திவிட்டு அழித்துவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. மெஷின் ஆன் ஆகவே இல்லை என்றால் இது எதுவும் முடியாதே என்பீர்கள். அப்போ பக்கத்திலேயே நின்று வேலையை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்னை மாத்துங்கள்.

மாத்துவது ரொம்ப ஈஸி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், அதில் அக்கவுன்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ். உங்க மெஷினில் இருக்கிற வழிகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். பாஸ்வேர்டை மட்டும் மாத்த கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வழி வரும். முதலில் பழையதைக் கேட்கும். "நான்தானே உள்ளே உட்கார்ந்திருக்கேன், மறுபடி ஏன்?" என்று தோணும். நீங்க தண்ணி குடிக்கப் போன நேரத்தில் உங்க சீட்டில் உட்கார்ந்தவன் மாத்திவிடக் கூடாது அல்லவா, அதற்குத்தான்! எழுந்து போகும்போது விண்டோஸ் கட்டையோடு எல் அழுத்துங்கள், பூட்டிக்கொள்ளும். (விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைக்கவும்.)

நாகப்பட்டினம் பக்கத்து அண்ணன்களிடம் தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் இன்னும் சிலரிடம் இருக்கலாம். அதில் விண்டோஸோடு "பாஸ்" லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள், நம்ம நாட்டு சி-டாக் உருவாக்கியது. இரண்டும் இருக்கிற மெஷினில் இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. ஒன்றை மாத்தினால் மற்றது மாறாது. லினக்ஸ் டெர்மினலில் "பாஸ்வேர்டு" என்பதையே சுருக்கி பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்று அடித்து என்டர் தட்டினால் மாத்தலாம். அடிக்கும்போது புள்ளி கூடத் தெரியாது. கீபோர்டு செத்துப்போச்சு என்று பயப்படாதீர்கள், எத்தனை எழுத்து என்பதைக் கூட காட்டாமல் மறைக்கிறது, அவ்வளவுதான்.

புதிய பாஸ்வேர்டுக்கு ஒரு யோசனை. சம்பந்தமே இல்லாத நாலு தமிழ்ச் சொல்லை எடுத்து இங்கிலீஷ் எழுத்தில் அடியுங்கள். உதாரணம்: அரசலாறு, ஸ்லேட்டு, கருவாடு, டைனமோ. நீளமும் கிடைக்கும், மறக்கவும் மறக்காது. "கருவாடு"-க்கு ஏ ஒண்ணா ரெண்டா என்பதை மட்டும் முதல் நாளே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். இந்த நாலையே யாரும் வைத்துவிடாதீர்கள், சுவத்துல ஒட்டியாச்சு!

மறந்துட்டா?

பின் மறந்தால் கவலை இல்லை. அக்கவுன்ட் பாஸ்வேர்டைக் கொடுத்துப் புதுப் பின் வைக்கலாம். இன்டர்நெட் அக்கவுன்ட் இல்லாத லோக்கல் அக்கவுன்ட் என்றால் மூன்று கேள்விக்குப் பதில் கேட்கும். செல்லப் பெயர் என்ன, முதலில் வளர்த்த பிராணியின் பெயர் என்ன, படித்த முதல் பள்ளி எது என்கிற மாதிரி. நம்ம தெருவில் இதெல்லாம் யாருக்குத் தெரியாது? உங்க ஆட்டுக்குட்டி பெயரைத் தெருவே கூப்பிடுது! ஆகவே உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். பிராணியின் பெயர் "புளியோதரை" என்று வைத்தாலும் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காது.

வீட்டில் இன்னொரு அட்மின் அக்கவுன்ட் இருந்தால் அவர்கள் உங்க பாஸ்வேர்டைப் புதிதாக வைத்துக் கொடுக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் விண்டோஸில் சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டுகளும், விண்டோஸே பூட்டி வைத்த ஃபைல்களும் போய்விடலாம். நீங்களே மாத்துவதும் அடுத்தவர் மாத்திக் கொடுப்பதும் ஒன்றில்லை. புது மெஷின்களில் டிஸ்க்கே பூட்டியிருக்கும். ஏதாவது கோளாறு என்றால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில்தான் இருக்கும். அந்த அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டும் மறந்துபோனால் போட்டோவும் போச்சு, ப்ராஜெக்ட்டும் போச்சு. அந்த 48 இலக்கத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்துவிடுங்கள். தாளில் எழுதுவது தப்பு என்பார்கள். மானிட்டரில் ஒட்டினால்தான் தப்பு, பீரோவுக்குள் எந்த ஹேக்கரும் வரமாட்டான்.

விளையாட்டுக்கு அடுத்தவர் பாஸ்வேர்டை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி, மோசடியாக இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பணம் ஏதாவது போய்விட்டால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு காக்கிக் கவர் ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் இருப்பவர்கள் சீட்டில் எழுதிப் போட்டால் அடுத்த இதழில் பதில் எழுதுகிறோம். தயவுசெய்து கேள்வியை மட்டும் எழுதவும், பாஸ்வேர்டை எழுதிப் போட வேண்டாம்!

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு